கப்பலைப் பிடிக்கலாம், கிடங்கைப் பிடிக்க முடியாது

எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும் இடத்திலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் கிடங்கு ஒன்று இருக்கிறது. அறுபதடி அகலம், நூற்றிருபதடி நீளம், நீல ஷீட் கூரை. தூண் நட்டு, டிரஸ் ஏற்றி, பர்லின் வைத்து, ஷீட் போட்டு முடித்துக் கொடுத்தவர் திருவொற்றியூர்க்காரர். எட்டு ஆட்களை வைத்து ஃபேப்ரிகேஷன் வேலை எடுத்துச் செய்கிறவர். அவருக்குக் கணக்கு எழுதுவது நான். வேலையின் மதிப்பு 24 லட்சம், ஜிஎஸ்டி சேர்த்தால் 28 லட்சத்து 32 ஆயிரம். கைக்கு வந்தது 18 லட்சம். டிடிஎஸ் பிடித்தது போக, 10 லட்சத்து 8 ஆயிரம் வரவேண்டும். வேலை முடிந்து இரண்டு வருஷம் எட்டு மாதம் ஆகிறது.

மாதத்துக்கு ஒரு தடவையாவது மஞ்சப்பையோடு வந்து என் எதிரில் உட்காருவார். உள்ளே வொர்க் ஆர்டர், சைட் இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட அளவுத் தாள்கள், வேலை நடக்கும்போது போட்ட நாலு ஆர்.ஏ. பில், ஒரு ஃபைனல் பில். அளவுத் தாள்களில் வெல்டிங் பொறி விழுந்து கடுகளவு ஓட்டைகள். முதலில் "பில் இன்னும் பாஸ் ஆகல" என்றார்கள். பிறகு "மேல ரிட்ஜ் ஓரமா ஒழுகுது" என்றார்கள். ஏறி, பிரித்து, சீலன்ட் அடித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு "டெபிட் போட்டிருக்கோம், ஹெட் ஆபீஸ்ல கேளுங்க." இப்போது போனை எடுப்பதில்லை. இத்தனை நாளும் கிடங்கு காலியாக இருந்ததே இல்லை. காலையில் கன்டெய்னர் வருகிறது, மாலையில் போகிறது.

இந்த மாதிரிப் பாக்கிக்கு ஒரு சட்டம் வேண்டும், வேலை செய்தவனுக்கு அவன் எழுப்பிய கட்டடத்தின் மேலேயே உரிமை வேண்டும் என்று நான் சொல்லும்போதெல்லாம் ஒரே பதில்தான் வருகிறது. தொழிலதிபர்கள் சொல்கிறார்கள், வங்கிக்காரர்கள் சொல்கிறார்கள், வக்கீல் நண்பர்கள் சொல்கிறார்கள், காசு வராமல் திண்டாடும் கான்ட்ராக்டர்களே சொல்கிறார்கள். "ஒப்பந்தம் இருக்கு, கோர்ட் இருக்கு, சிறுதொழில் சட்டம் வேற இருக்கு. கட்டடத்து மேல உரிமை குடுத்தா ஆளாளுக்குப் பூட்டுப் போடுவான், பேங்க் கடன் தராது, முதலீடு ஆந்திராவுக்குப் போயிடும். ஆள் பார்த்து வேலை எடுக்கணும், அவ்வளவுதான்." இது அறிவார்ந்த பேச்சு போலக் காதில் விழுகிறது. ஆனால் இந்தக் கரையில் நடக்கிற தொழிலை ஒரு தடவை கண் திறந்து பார்த்தால் இதில் ஒரு வாக்கியம்கூட நிற்காது.

சென்னைத் துறைமுகத்தில் கட்டி நிற்கும் கப்பலில் ஒருவர் துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு பொருத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். பணம் வரவில்லை. 2017-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய கடல்சார் உரிமைகோரல் சட்டப்படி கப்பலைக் கட்டியது, பழுது பார்த்தது, அதற்குச் சாமான் கொடுத்தது ஆகிய பாக்கிகளுக்காக, உரிய நிபந்தனைகள் பொருந்தினால், கப்பலையே சிறைப்பிடிக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம். உத்தரவு வந்துவிட்டால், பாக்கியைக் கட்டும் வரை அல்லது அதற்கு ஈடு வைக்கும் வரை கப்பல் நகராது. முதலாளி எந்த நாட்டில் உட்கார்ந்திருந்தாலும் அதுதான் நிலை. மாலுமிகளின் சம்பளப் பாக்கியோ, கப்பல் மீதுள்ள பற்றுரிமைகளில் முதல் இடத்தில் இருக்கிறது.

அதே ஆள் துறைமுகத்தை விட்டு வெளியே வந்து, அதே வெல்டிங் மெஷினை வைத்து ராயபுரத்திலோ எர்ணாவூரிலோ ஒரு கிடங்குக்குக் கூரை போடட்டும். பணம் வராவிட்டால் கூரையின் மேல் அவருக்கு எந்தப் பிடியும் இல்லை. தண்ணீரில் மிதக்கும் இரும்புக்கும் தரையில் நிற்கும் இரும்புக்கும் இடையில் இந்த வித்தியாசம் எதற்கு?

இன்னும் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். டிரெய்லரின் கியர் பாக்ஸைக் கழற்றிச் சரிசெய்யும் மெக்கானிக், கூலி வரும் வரை வண்டியை விடாமல் வைத்துக்கொள்ளலாம். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 170-ஆவது பிரிவு. பேன்ட் தைக்கும் டெய்லருக்கும் அதே உரிமை உண்டு. துறைக்கூலிக்காகச் சரக்கைப் பிடித்து வைக்கும் உரிமையை அடுத்த பிரிவு, 171, துறைமேடைக்காரருக்குத் தருகிறது. 2007-ஆம் ஆண்டின் கிடங்குச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற கிடங்குக்காரருக்கு, உள்ளே இருக்கும் மூட்டைகளின் மேல் வாடகைக்காகப் பற்றுரிமை இருக்கிறது. கிடங்குக்குள் இருக்கும் சரக்கு கிடங்குக்காரருக்கு ஈடாக நிற்கிறது. கிடங்கைக் கட்டியவருக்கு ஈடாக எதுவுமே நிற்பதில்லை. சட்டம் எழுதியவர்களுக்குப் பற்றுரிமை என்ற எண்ணமே அன்னியம் என்று யாரும் சொல்ல முடியாது. கையில் எடுத்துக் கொடுக்கக்கூடிய பொருளுக்கெல்லாம் அதை எழுதிவைத்தார்கள். மண்ணோடு ஒட்டிவிடும் உழைப்புக்கு மட்டும் எழுதாமல் விட்டார்கள்.

வங்கிக்காரர் சொல்வதற்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு அதிகம் வலிப்பது அங்கேதான். கிடங்குக்காரர் நிலத்தின் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்குகிறார். அன்று அது வெறும் மனை. பிறகு அதில் கட்டடம் எழுகிறது. அந்தக் கட்டடம் யாருடைய ஈடு? 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 70-ஆவது பிரிவு சொல்கிறது: அடமானத்துக்குப் பிறகு சொத்தோடு சேர்வதெல்லாம் அடமானம் பிடித்தவரின் ஈட்டோடு சேரும். அந்தப் பிரிவுக்குக் கீழே கொடுத்திருக்கும் உதாரணமே இதுதான்: ஒருவர் மனையை அடமானம் வைத்தார், பிறகு அதில் வீடு கட்டினார், வீடும் அடமானத்துக்குள் வந்துவிடும். ஆக, எங்கள் ஆள் கடனுக்கு இரும்பு வாங்கி ஏற்றிய ஒவ்வொரு டிரஸும் அவருக்குக் காசு வராத நிலையிலேயே வங்கியின் ஈட்டைப் பெருக்கியிருக்கிறது. கடன் வாராக்கடன் ஆனால் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி வழக்குப் போடாமலே அந்தக் கட்டடத்தைக் கைப்பற்றி விற்கலாம். விற்ற பணத்தில் எங்கள் ஆளுடைய இரும்பின் விலையும் அடங்கும். ஆனால் அதிலிருந்து அவருக்கு ஒரு ரூபாய் வரவேண்டும் என்று எந்த வரியும் இல்லை. கட்டியவனுக்கு உரிமை கொடுத்தால் வங்கிக்கு அநியாயம் என்கிறார்களே, இன்று நடப்பதை எந்தப் பெயரால் அழைப்பார்கள்?

"கோர்ட் இருக்கிறது" என்கிறார்கள். போகலாம். பணத்துக்கான சாதாரண வழக்கு, நிலத்தைத் தொடாது. வழக்கு நடக்கும்போதே கட்டடத்தை விற்கலாம், வாடகைக்கு விடலாம், இன்னொரு கடனுக்கு அடமானம் வைக்கலாம். வில்லங்கச் சான்றில் எங்கள் ஆளின் பெயர் எட்டிப் பார்க்காது. தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்டால், ஈடில்லாத கடனை ஈடுள்ள கடனாக மாற்றித் தருவது அந்த விதியின் நோக்கம் அல்ல என்று 2008-இல் வெளியான ராமன் டெக் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விதியை விதியாகப் படித்த தீர்ப்பு அது, நான் குறை சொல்லவில்லை. கடனை ஈடுள்ளதாக ஆக்க வேண்டியது சட்டமன்றத்தின் வேலை என்றுதான் அதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். காசு வரும் வரை சைட்டை விட்டு இறங்க மாட்டேன் என்று உட்காரவும் முடியாது. சைட்டில் கான்ட்ராக்டர் வெறும் அனுமதி பெற்ற ஆள். அனுமதியை ரத்து செய்தால் வெளியேற வேண்டியதுதான். துறைமுகம், மின்நிலையம் போன்ற உள்கட்டமைப்பு வேலை என்றால், 2018-இல் திருத்தப்பட்ட குறித்தவகைத் தீர்வழிச் சட்டம் வேலையைத் தாமதப்படுத்தும் தடையாணையையே மறுக்கிறது.

திவால் சட்டமா? 2020 மார்ச் 24 முதல் அதன் வாசற்படி ஒரு கோடி ரூபாய். பத்து லட்சக்காரர் அந்தத் தெருவிலேயே நுழைய முடியாது.

சிறுதொழில் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் எதிர்த்தரப்பின் பெரிய ஆயுதம் அதுதான். 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ மேம்பாட்டுச் சட்டம் உண்மையில் நல்ல சட்டம். 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில், மாதா மாதம் கூட்டு வட்டி. தகராறு வந்தால் வசதியாக்க கவுன்சிலுக்குப் போகலாம். சென்னை, திருச்சி, மதுரை, கோவை என்று தமிழ்நாட்டில் நாலு இடத்தில் இருக்கிறது. தீர்ப்பை எதிர்த்துப் போகிறவர் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இதை எழுதியவர்கள் சிறு முதலாளியின் கஷ்டம் தெரிந்தவர்கள்.

ஆனால் அவர்கள் மனதில் இருந்தது போல்ட்டும் நட்டும் செய்து கொடுக்கிற லேத் பட்டறை. பொருளும் வேலையும் பிரிக்க முடியாமல் கலந்துபோன கட்டுமான ஒப்பந்தம் இந்தச் சட்டத்துக்குள் வராது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு தடவைக்கு மேல் சொல்லியிருக்கிறது. வேறு விதமாகச் சொன்ன தீர்ப்புகளும் உண்டு. பதிவு விஷயத்திலும் குழப்பம். ஒப்பந்தத்துக்குப் பிறகு பதிவு செய்தவருக்குப் பழைய வேலைக்குப் பலன் கிடையாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இரண்டு நீதிபதிகள் அமர்வு வேறு மாதிரி பார்த்து, கேள்வியை மூன்று நீதிபதிகளுக்கு அனுப்பியது. எட்டு ஆள் வைத்து வேலை செய்கிறவர் இந்த நூலிழையில் நடந்து பத்து லட்சத்தை வாங்க வேண்டுமா?

வரிச் சட்டத்திலும் இரண்டு சாட்டைகள் இருப்பதாகச் சொல்வார்கள். நான் அன்றாடம் புரட்டுகிற பக்கங்கள் இவை. 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் வாங்கியவர் எடுத்துக்கொண்ட ஜிஎஸ்டி வரவைத் திருப்ப வேண்டும் என்பது ஒன்று. சொந்தக் கட்டடம் கட்டுகிறவருக்கு அந்த வரவே கிடையாது, ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு தடுத்துவிடுகிறது. எடுக்காத வரவை எப்படித் திருப்புவது? சிறு நிறுவனத்துக்கு உரிய நாளில் தராத தொகையை, தரும் வரை செலவாகக் கழிக்க முடியாது என்று 2023-இல் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த 43பி(எச்) இன்னொன்று. கிடங்கு கட்டும் செலவு மூலதனக் கணக்கில் உட்காரும். அது அந்த வருஷத்துச் செலவே அல்ல, தேய்மானமாகத்தான் கழியும். இரண்டு சாட்டையும் வீசப்படுகின்றன, கட்டடத்தைத் தாண்டி விழுகின்றன.

இதற்கு நடுவில் அரசாங்கத்துக்கு அவர் கட்டிய ஜிஎஸ்டி என்ன ஆயிற்று? பில் போட்டாயிற்று, அடுத்த மாதம் 20-ஆம் தேதி வந்தாயிற்று. காசு வந்ததா என்று கம்ப்யூட்டர் கேட்காது. நாலு லட்சத்து 32 ஆயிரம். இரும்பு வாங்கும்போது கட்டியதைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கட்டினார். தாமதமானால் வருஷத்துக்கு 18 சதவீதம் வட்டி. வராத காசுக்கான வரியைக் கணக்குப் போட்டு அவரிடம் சொன்ன வாய் என்னுடையது.

"ஆள் பார்த்து வேலை எடுக்கணும்." இது எளிதாகச் சொல்லக்கூடியது. மணலியிலும் அத்திப்பட்டிலும் பெரிய வேலைகள் எப்படி இறங்குகின்றன என்று பாருங்கள். தலைமை நிறுவனம் ஒரு பெரிய கான்ட்ராக்டருக்குக் கொடுக்கும், அவர் துண்டு துண்டாக்கிச் சிலருக்குக் கொடுப்பார், அவர்கள் இன்னும் சிறியவர்களுக்கு. கடைசியில் ஏணியில் ஏறுகிறவருக்கு நிலத்தின் முதலாளி யார் என்றே தெரியாது. 'மேலிருந்து வந்தால் தருவோம்' என்ற நிபந்தனை அச்சடித்தே வரும். அதில் ஒரு வார்த்தையை அடிக்கச் சொன்னால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும். மேலே இரண்டு பேருக்குள் வந்த தகராறுக்குக் கீழே இருக்கிறவர் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? பிரிட்டன் 1996-இல் இந்த நிபந்தனையைக் கட்டுமானத் தொழிலில் செல்லாது என்று ஆக்கியது. மேலே இருப்பவர் திவாலானால் மட்டுமே விதிவிலக்கு. கூடவே 28 நாளில் தீர்வு சொல்லும் ஏற்பாட்டையும் கொண்டுவந்தது. இந்தப் பகுதிப் பையன்கள் போய்க் கட்டிடம் கட்டுகிற சிங்கப்பூரில் 2005 ஏப்ரல் முதல் அந்த மாதிரிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. மலேசியா 2012-இல் இயற்றியது. ஹாங்காங்கும் 2025-இல் அமலுக்குக் கொண்டுவந்துவிட்டது. முதலீடு ஓடிப்போன ஊர்களா இவை?

கட்டடத்தின் மேலேயே உரிமை என்பதும் யாரும் காணாத புதுமை அல்ல. வாஷிங்டன் நகரம் எழ வேண்டும், அதற்குக் கொத்தனும் தச்சனும் நம்பி வர வேண்டும் என்று மேரிலாந்து மாகாணம் 1791-இல் அந்த உரிமையைக் கொடுத்தது. கலிஃபோர்னியா 1879-இல் அதைத் தன் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தது. கனடாவின் ஒன்டாரியோவுக்கு 1873-இலேயே வந்துவிட்டது. அங்கெல்லாம் வங்கி கடன் கொடுக்கிறது. கொடுப்பதற்கு முன், வேலை செய்தவர்களுக்குப் பாக்கி இல்லை என்ற ரசீதுகளைக் கேட்டு வாங்குகிறது. இங்கேயும் கேட்கட்டும். ஒவ்வொரு தவணைக் கடனை விடுவிக்கும்போதும் வங்கி அந்த ஒரு தாளைக் கேட்டால் பாதிப் பாக்கி அன்றே தீர்ந்துவிடும்.

தரம் பற்றிய கேள்வி நியாயமானது. மட்டமான வேலையைச் செய்துவிட்டுக் கட்டடத்தைப் பிடித்துக்கொள்கிற கான்ட்ராக்டர்கள் இல்லை என்று நான் சொல்லமாட்டேன், எனக்கே இரண்டு பேரைத் தெரியும். ஆனால் தரத்துக்காகத்தான் ரிட்டென்ஷன் பிடிக்கிறார்கள். எங்கள் ஆளிடம் ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம் பிடித்தார்கள். ஒழுகுகிறது என்றால் எந்த ஷீட், எந்த போல்ட், சரிசெய்ய எவ்வளவு என்று எழுத்தில் சொல்லட்டும், அந்தத் தொகையை நிறுத்தட்டும், மிச்சத்தைத் தரட்டும். தொழில் தெரிந்த ஒரு தீர்ப்பாளர் ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிட்டு ஒரு மாதத்தில் சொல்லிவிடுவார். ஒழுகும் கூரைக்குக் கீழே ஒருவர் இரண்டரை வருஷம் சரக்கு அடுக்க மாட்டார்.

காசு நின்றால் கீழே என்ன ஆகிறது என்பதை முதலீட்டுக் கணக்குப் பேசுகிறவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் பட்டுவாடா. எட்டு பேர் பட்டறை வாசலில் காத்திருப்பார்கள். இரண்டு பேர் ஒடிசா, அவர்கள் அன்று ராத்திரியே வீட்டுக்குப் பணம் போட வேண்டும். கான்ட்ராக்டர் கூலி தராவிட்டால் முதன்மை முதலாளி தர வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அதற்குப் பதிலாக வந்த 2020-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் பழைய சட்டத்துக்கு 20 ஆள் வேண்டும், புதியதற்கு 50. எட்டு ஆள் எதிலும் இல்லை. அவர்களுக்கு இருக்கிற ஒரே காப்பு இந்த மனிதரின் மானம். கிடங்குக் காசு நின்றபோது அவர் மனைவியின் ஆறு சவரன் சங்கிலி தேரடிப் பக்கத்து அடகுக் கடைக்குப் போனது. ஒரு சனிக்கிழமையும் கூலி தப்பவில்லை. சங்கிலி இன்னும் வீட்டுக்குத் திரும்பவில்லை.

நான் கேட்கும் சட்டம் பெரிய புத்தகம் அல்ல. வேலை முடிந்து இத்தனை நாளுக்குள் பாக்கி இருக்கிறது என்று கையெழுத்தான அளவுத் தாளோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு நோட்டீஸ். அது வில்லங்கச் சான்றில் ஒரு வரியாக விழும். கட்டடத்தைப் பூட்ட வேண்டாம், லாரியை மறிக்க வேண்டாம், வியாபாரம் நடக்கட்டும். விற்கவோ அடமானம் வைக்கவோ போகும்போது அந்த வரி எதிரே நிற்கும். முதலாளிக்குத் தகராறு இருந்தால் அதே தொகைக்கு வங்கி உத்தரவாதம் கொடுத்து அன்றே வரியை நீக்கிக்கொள்ளலாம். பொய் நோட்டீஸ் கொடுத்தவருக்குத் தண்டம். தீர்ப்பாளருக்கு ஒரு மாதக் கெடு. கடைசித் தட்டில் இருக்கும் சப்-கான்ட்ராக்டருக்கும் இந்த உரிமை. சொத்து மாற்றமும் ஒப்பந்தமும் பொதுப் பட்டியலில் இருக்கின்றன, டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டாம். தமிழ்நாடு சட்டமன்றமே எழுதலாம். மத்திய சட்டத்தோடு உரசினால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வாங்கலாம். வீடு வாங்குகிறவர்களின் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வை, நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டும் எடு என்று 2016-இல் ரியல் எஸ்டேட் சட்டம் சொன்னபோதும் தொழில் அழிந்துவிடும் என்றார்கள். அதற்குப் பிறகும் அடுக்குமாடிகள் எழுந்துகொண்டுதான் இருக்கின்றன.

செய்த வேலையின் விலையைக் கேட்டு வழக்குப் போட, வேலை முடிந்ததிலிருந்து மூன்று வருஷம் கெடு. எங்கள் ஆளுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. கோர்ட் கட்டணம் 3 சதவீதம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன்: 30,240 ரூபாய், வக்கீல் ஃபீஸ் தனி. அதற்கு முன்னால் சமரச மையத்துக்கு மனுப் போட வேண்டும். தாளை வாங்கி நாலாக மடித்து மஞ்சப்பையில் வைத்தார். "போட்டுடலாம் சார்" என்றார். சாத்தங்காட்டில் இரும்பு ஏற்ற வண்டி சொல்லியிருந்தார், மாத்தூரில் புதுசாக ஒரு ஷெட் வேலை. "இந்த ஆளு எப்படி அண்ணே?" என்று கேட்டேன். "பாக்க நல்லவராத்தான் தெரியறாரு" என்றார்.